கருத்துரு வரைபுகளும் பொருளின் இருப்பிடமும்

வாக்கியத்தின் பொருளை வரைபாகவும் தரலாம் என்னும் எண்ணம் கணினியுகத்துக்கு முற்பட்டது. அமெரிக்கத் தத்துவஞானி சார்ள்ஸ் சாண்டர்ஸ் பேர்ஸ் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வகுக்கத் தொடங்கிய இருப்பு வரைபுகளில் அதன் முதிர்ந்த வடிவத்தைக் காணலாம். அங்கு தாளில் எழுதுவது உடன்படல்; எழுதியதைச் சுற்றி வளையமிடுவது மறுத்தல்; ஒன்றன் இருப்பைத் தடித்த கோடு குறிக்கும். 'மனிதர் யாவரும் இறப்பர்' என்பதற்கு ஒன்றனுள் ஒன்றாக இரு வளையங்கள் வேண்டும். வெளிவளையத்தில் 'மனிதர்', உள்வளையத்தில் 'இறப்பவர்'. இரண்டையும் ஒரே கோடு இணைக்கும். 'மனிதராயிருந்தும் இறவாதவர் ஒருவர் உளர் என்பது அன்று' என அதனை வாசித்தல் வேண்டும். 'யாவரும்' என்பதற்குத் தனிக்குறியே இல்லை. இச்சிக்கனம் வியக்கற்பாலது.

ஜோன் சோவா கருத்தமைப்புகள் பற்றிய 1984ஆம் ஆண்டு நூலில் இம்மரபைச் செயற்கை அறிவாய்வின் சொற்பொருள் வலைகளோடு இணைத்தார். அவ்வலைகளில் ஓர் இணைப்பு எதனைக் குறிக்கின்றது என்பதே தெளிவற்றிருந்ததை வில்லியம் வூட்ஸ் 1975இல் கண்டித்திருந்தார். சோவாவோ பெட்டியிற் கருத்தையும் வட்டத்திற் தொடர்பையும் அமைத்து, வரைபைப் பயனிலை அளவையியலுக்குப் பெயர்க்கும் விதியையும் தந்தார். இதன் பயனைத் தமிழ்கொண்டே சோதிக்கலாம். 'அவனுக்குக் கொடுத்தாள்', 'அவனுக்குத் தெரியும்' ஆகிய இரண்டிலும் உருபு ஒன்றே. வரைபோ முன்னையவனைப் பெறுவோன் எனவும் பின்னையவனை அனுபவிப்போன் எனவும் வேறுபடுத்தியே ஆகவேண்டும். நான்காம் வேற்றுமை என்று கூறி அமைந்துவிட முடியாது. (நமது இலக்கண வகுப்புகளிற் பெரும்பாலும் அவ்வாறுதான் அமைந்துவிடுகின்றோம்.)

ஆயின், பெட்டிக்குள் உள்ள பெயரின் பொருள் எங்கிருந்து வருகின்றது? சோவா கருத்துவகைகளைப் படிநிலையில் அடுக்குகின்றார். இயல்வகையையும் பங்குவகையையும் அவர் வேறுபிரித்தமை பாராட்டத்தக்கது: மனிதன் தன்னளவில் மனிதன், தொழிலாளியோ கூலி கொடுப்போனுடன் கொண்ட உறவினாலேயே தொழிலாளி. எனினும் எது இயல்பு, எது உறவு என்னும் தீர்ப்பை வரைபின் விதிகள் வழங்குவதில்லை, வரைபவரே வழங்குகின்றார். சாதியை ஒருவர் இயல்வகையாக அடுக்கினாலும் விதிகள் வழுவின்றியே இயங்கும்; பிறழ்ந்த படிநிலையிலிருந்து ஒழுங்கான முடிபுகளே பெறப்படும். படத்தின் தெளிவு அப்பிறழ்வுக்கு ஒரு நம்பகத்தன்மையையும் அளித்துவிடும். 2007இல் வெளியான சர்வதேசப் பொது அளவையியல் நியமத்தில் கருத்துரு வரைபுகளும் இடம்பெற்றன. அந்நியமம் வகுத்தது அவற்றின் இலக்கணத்தையே. பெட்டிகளில் இடவேண்டிய பெயர்களை அன்று.