கருப்பொருளும் விலங்கினத்தின் எல்லையும்

ஐந்திணைப் பாகுபாட்டை விலங்கியலின் முன்னோடி எனப் பாராட்டும் வழக்கம் தமிழ்க் கட்டுரைகளில் வேரூன்றிவிட்டது. குறிஞ்சிக்குப் புலியும் முல்லைக்கு மானும் மருதத்துக்கு எருமையும் வகுத்த முன்னோர், எவ்விலங்கு எந்நிலத்துக்குரியதென விஞ்ஞானம் காணுமுன்னரே கண்டனர் என்பது அப்பாராட்டின் சாரம். மாணவர் இதனை மனனஞ் செய்து தேர்வில் எழுதுகின்றனர். நூலையும் நாட்டையும் நோக்காது எழுதப்படும் இப்புகழுரை, இரண்டுக்கும் நீதி செய்வதன்று.

தொல்காப்பியர் கருப்பொருளை எண்ணுமிடத்துத் தெய்வம், உணா, மா, மரம், புள், பறை, செய்தி, யாழ் என வகைகளையே சுட்டினார். எந்நிலத்துக்கு எவ்விலங்கு என்பதற்கு அங்கு ஒரு பெயரும் இல்லை. அப்பட்டியல் உரையாசிரியர் தொகுத்தது. மேலும், ஒரு நிலத்துப் பூவும் புள்ளும் பிற நிலத்தில் வரின் வந்த நிலத்துக்குரியனவாகவே கொள்ளப்படும் என்றும் அவர் விதித்தார். அவ்விதியில் பூவும் புள்ளும் பெயர் பெற, மா பெயர் பெறாமை நோக்கத்தக்கது. காற்றும் சிறகும் கடக்கும் எல்லையை நாற்கால் விலங்கு எளிதிற் கடவாது என்று கருதினாரோ என எண்ண இடமுண்டு. ஆயின் அஃது ஊகமே. எங்ஙனமாயினும், எல்லையை நெகிழ்த்த விதி செய்தவரை எல்லை கண்டவரெனப் போற்றுவது பொருந்துமா?

நச்சினார்க்கினியர் நெய்தலுக்கு விலங்கு கூறப் புகுந்து, முதலையையும் சுறாவையும் மீனினத்துட் சேர்த்து, அவற்றை மா எனக் கொள்ள மறுத்தார். முதலை மீனன்றென்பதை மட்டக்களப்பு வாவிக்கரைச் சிறுவனும் அறிவான். இதற்காக அப்பேருரையாளரை எள்ளுதல் முறையன்று. அவர் ஆராய்ந்தது செய்யுள் வழக்கை, உயிரினத்தை அன்று. புலவரோ கண்ணாற் கண்டனர். கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டில் முதலையும் இடங்கரும் கராமும் தனித்தனிப் பெயர் பெற்று வருகின்றன. அதுவும் மலைநிலத்துப் பாட்டில்! பட்டியலை மட்டும் படித்த மாணவன் இதனைக் காணும்போது திகைப்பான்.

இனி, இயற்கையின் எல்லை யாது? நீர் என்பதே பலரும் கூறும் விடை. புளியந்தீவைச் சூழ்ந்த வாவி எழுவான்கரையையும் படுவான்கரையையும் பிரித்துக் கிடக்கின்றது. ஆயினும் நீர் எல்லா உயிர்க்கும் ஒரே வேலியன்று. 2017ஆம் ஆண்டு யூலை மாதம் கொக்கிளாய்க்கு அப்பால், கரையிலிருந்து ஏறக்குறைய 8 கிலோமீற்றர் தொலைவில், கடலில் நீந்திக்கொண்டிருந்த யானையொன்றைக் கடற்படையினர் மீட்டனர். அத்துணை நீந்தவல்ல விலங்குக்கு வாவி ஒரு பொருட்டன்று. உவரைத் தாங்காத தோலுடைய தவளைக்கோ அதன் ஒரு சிறு கிளையும் பெருமதிலாகும்.

கடலும் அவ்வாறே. பாலித்தீவுக்கும் லொம்பொக்குக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய நீரிணையை ஆசிய உயிரினத்தின் எல்லையாகக் கண்டவர் வொலஸ். பாலியில் வாழ்ந்து அழிந்த வரிப்புலி லொம்பொக்கில் இருந்ததில்லை. அந்நீரிணை மிக ஆழமானது, பனியுகத்திலும் வற்றவில்லை. பாக்கு நீரிணை அத்தன்மையதன்று. ஏறக்குறைய 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல்மட்டம் இன்றிருப்பதிலும் 120 மீற்றர் அளவு தாழ்ந்திருந்த காலத்தில் இலங்கையும் இந்தியாவும் ஒரே நிலம். இன்று இலங்கைக் காட்டில் வரிப்புலி இல்லை. இந்நாட்டார் புலியென்பது சிறுத்தையையே. கடல் தடுத்தமையால் வரிப்புலி வரவில்லை என்பர். ஆனால் இரத்தினபுரியை அடுத்த குருவிட்டையில் ஏறக்குறைய 16,500 ஆண்டுப் பழமையுடைய வரிப்புலியின் எச்சம் கிடைத்துள்ளது. வராதது அன்று, வந்து அழிந்தது.

இவ்விடத்தேதான் திணைக் கொள்கைக்கு எதிர்பாராத ஓர் ஆதரவு தோன்றுகின்றது. நிலப்பாலம் இருந்தும், மேற்குத் தொடர்ச்சி மலையின் மரத்தவளை, நன்னீர் மீன், நண்டு ஆகியவற்றின் வழித்தோன்றல்களும் இலங்கையின் ஈரக்காட்டு இனங்களும் பெரும்பாலும் கலவாது தனித்தனியே வளர்ந்தமையை 2004இல் வெளியான மரபணு ஆய்வொன்று காட்டிற்று. பாலம் இருந்தது, ஆனால் அது வறண்ட பாலம் என்பது ஏற்புடைய விளக்கம். தேவாங்கும் இதற்குச் சான்று. சாம்பல்நிறத் தேவாங்கு இலங்கையின் உலர்வலயத்திலும் தென்னிந்தியாவிலும் உண்டு. செந்தேவாங்கோ இலங்கையின் ஈரவலயத்துக்கு அப்பால் எங்கும் இல்லை. கடலுக்கு அக்கரையில் உள்ளது உறவினம். இதே தீவில், காடு மாறுமிடத்தில் இருப்பது வேற்றினம்!

முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் தம்மியல்பு திரிந்து பாலையாகும் என்றது சிலப்பதிகாரம். தலைவன் கடத்தற்கரிய வழியாகப் புலவர் பாடிய அப்பாலையே, ஈரக்காட்டுத் தவளைக்குப் பல்லாயிரம் ஆண்டு கடக்கவொண்ணா எல்லையாய் இருந்தது போலும். இதனைத் தமிழர் அன்றே அறிந்தனர் என்று கூறின், முதலிற் கண்டித்த பிழையே மீளும். புலவர் கூறியது பிரிவின் துயர்; தவளையின் வரலாறன்று. நீரை மட்டும் நோக்காது, நிலத்தின் இயல்பையே உயிர்வாழ்வின் அளவாகக் கொண்ட பார்வை மட்டும் அவர்க்குரியது. அது சிறிதன்று.

ஆகவே படுவான்கரைக் காட்டைப் பாடப் புகும் இளங்கவிஞன் வரிப்புலியை உலவவிட்டால், அது மரபின் புலியா, அவன் கண்ட காட்டின் விலங்கா என்று வினவுதல் திறனாய்வாளன் கடன். மரபின் புலியாயின் குறையில்லை. உரிப்பொருளுக்கு அது பயன்பட்டதா என்பதே பின்னர்க் காணவேண்டுவது. கண்டதாகக் கூறின், அக்காட்டில் இன்றும் திரியும் சிறுத்தையையும் கரடியையும் அவன் காணவில்லை என்பதே பொருள்.