பிரபுகுலத் தலைவர்: டால்ஸ்டாய் காட்டியதும் காட்டாததும்

டால்ஸ்டாயின் 'அன்னா கரீனினா'வை விரும்பிப் படிப்போருள் பலர், அதன் ஆறாம் பாகத்தில் வரும் சில அத்தியாயங்களை விரைந்து புரட்டிவிடுவதுண்டு. அன்னாவின் வாழ்வு சரிந்து கொண்டிருக்கும் வேளையில், காஷின் மாகாணத்துப் பிரபுக்கள் கூடித் தம் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் காட்சி நீண்டுகொண்டே போகிறது. கதைக்கு வேண்டாத இடைச்செருகல் என்று அதனைக் குறை கூறுவோரும் உளர். நாம் அக்கூற்றை ஏற்பதற்கில்லை. ஒரு சமூகம் தன் தலைமையை எவ்வாறு தேர்கிறது, எதற்காகத் தேர்கிறது என்னும் வினாவை அவ்வத்தியாயங்களைப் போல் ஊடுருவி நோக்கிய எழுத்து அரிது. ஆயினும் அந்நோக்கில் ஒரு குறையும் உண்டு. இரண்டையும் எடுத்துரைப்பதே நம் எண்ணம்.

காட்சியின் கனத்தை உணரப் பதவியின் கனத்தை அறிதல் வேண்டும். 1785ஆம் ஆண்டு பேரரசி இரண்டாம் காதரின் பிரபுக்களுக்கு வழங்கிய உரிமைச் சாசனம், மாகாணந்தோறும் அவர்கள் கூடித் தலைவரைத் தேர்ந்துகொள்ளும் முறையை உறுதிப்படுத்தியது. மாவட்டத்துக்கு ஒருவர், மாகாணத்துக்கு ஒருவர். மூன்றாண்டுக்கு ஒருமுறை தேர்தல். ஊதியம் கிடையாது, கௌரவமே ஊதியம். குலத்தின் பொதுநிதியைக் காத்தல், குலத்து அநாதைகளின் சொத்துகளை மேற்பார்த்தல் முதலியனவே தொடக்கத்தில் அவருடைய கடமைகள். காலப்போக்கில் அரசு பொதுமக்கள் காரியங்களையும் அவர் தோளில் ஏற்றியது. 1864இல் ஸெம்ஸ்த்வோ என்னும் உள்ளூராட்சி மன்றங்கள் தோன்றியபோது அவற்றின் பேரவைக் கூட்டங்களுக்குத் தலைமை தாங்கியவர் அவரே. 1874 முதல், தொடக்கப் பள்ளிகளை மேற்பார்க்கும் மாவட்டக் குழுவும், படைக்கு ஆள் சேர்க்கும் குழுவும் அவர் தலைமைக்கு வந்தன. ஆக, குடியானவன் பிள்ளை எந்தப் பள்ளியில் படிப்பது, அவன் படைக்குப் போவதா வேண்டாமா என்பவற்றிலும், அக்குடியானவன் வாக்களித்து அமர்த்தாத ஒருவரின் சொல் செல்லுபடியாயிற்று. முடிச்சு இங்கேதான் இருக்கிறது.

இப்பதவியின் சிறுமையை டால்ஸ்டாய்க்கு முன்பே துர்கனேவ் நகைச்சுவையாக்கினார். 1849இல் அவர் எழுதிய 'தலைவர் வீட்டுக் காலை விருந்து' என்னும் நாடகத்தில், உடன்பிறந்தார் இருவரின் பாகப்பிரிவினையைத் தீர்த்து வைக்க மாவட்டத் தலைவர் பாலகலாயெவ் படாத பாடு படுகிறார். வழக்கு தீர்ந்தபாடில்லை. நல்ல மனம் உண்டு, காரியம் நடவாது. துர்கனேவ் சிரித்துவிட்டு நகர்ந்தார். டால்ஸ்டாயோ சிரிப்போடு நிற்கவில்லை.

லெவின் காஷினுக்கு வருவது தன் சகோதரியின் சொத்து மேற்பார்வை தொடர்பான ஒரு காரியத்துக்காகவும்தான். அக்காரியம் நடைபெறவில்லை. ஏன்? அதனை முடித்து வைக்கவேண்டிய தலைவர்கள் அனைவரும் தேர்தலில் மூழ்கிக் கிடக்கின்றனர். பணிக்காகப் பதவியா, பதவிக்காகப் பணியா என்ற வினாவை ஆசிரியர் ஒரு சொல்லும் கூறாமலே எழுப்பிவிடுகிறார். பழைய கட்சியார் எதிரணியின் இருவரைக் குடிக்க வைத்து மயக்குகின்றனர். மூன்றாமவரின் சீருடையைக் கவர்ந்து செல்கின்றனர். முன்னேற்றம் பேசும் புதிய கட்சியாரும் சூழ்ச்சியில் இளைத்தவர் அல்லர். வாக்குருண்டையைக் கையில் வைத்துக்கொண்டு, அதனை எந்தப் பக்கம் இடுவதென்று பிறர் செவியில் விழும்படி கேட்டுவிடும் லெவின், அவ்வவையிலேயே நேர்மையான மனிதனாக நமக்குத் தோன்றுகிறான்.

தோற்றுப்போகும் பழைய தலைவர் ஸ்நெத்கோவை ஆசிரியர் கேலிப்பொருளாக்கவில்லை. பெருஞ்செல்வத்தைக் கரைத்தவர், புதிய காலத்தின் தேவை அறியாதவர் என்று முதலில் காட்டுகிறார். பின்னர் அவர் இல்லத்துக்கு நம்மை அழைத்துச் செல்கிறார். பழைய மரச்சாமான்கள், முன்னாள் பண்ணையடிமைகளாயிருந்த முதிய பணியாளர், பேரக் குழந்தையைக் கொஞ்சும் மனைவி, தந்தையின் கையை முத்தமிடும் மாணவ மகன் என அவ்வீட்டைக் கண்டபின் அவரை வெறுக்க நம்மால் இயலவில்லை. வெற்றி பெறும் நெவெதோவ்ஸ்கியிடம் நம் மனம் ஒட்டவுமில்லை. ஆள் மாறினும் பதவியின் வெறுமை மாறாது என்பதே டால்ஸ்டாயின் தீர்ப்பு.

அத்தீர்ப்பு முழுமையானதா? இங்கேதான் நாம் அவரோடு மாறுபடுகிறோம். காஷின் என்பது உண்மையில் த்வேர் மாகாணத்தைச் சேர்ந்த ஒரு மாவட்டத் தலைநகர். அதே த்வேர் மாகாணத்தில் 1857இல் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பெற்றவர் அலெக்ஸி உன்கோவ்ஸ்கி. பண்ணையடிமை முறையை ஒழிப்பதற்கான மாகாணக் குழுவுக்குத் தலைமை தாங்கிய அவர், உழுதவனை வெறுங்கையனாக விடுவிப்பது விடுதலையாகாது, நிலத்தோடு விடுவிக்கவேண்டும் என்று வாதிட்டார். தம் குலத்தார் பலரின் பகையைத் தேடிக்கொண்டார். குடியானவர் பிரச்சினையைப் பிரபுக்கள் அவையில் பேசலாகாது என்று அரசு தடை விதித்தபோது, த்வேர் அவை அதனை எதிர்த்தது. உன்கோவ்ஸ்கி 1859இல் பதவி நீக்கப்பெற்றார். 1860இல் வியாத்காவுக்கு நாடு கடத்தப்பெற்றார். தம் குலம் தந்த நாற்காலியில் அமர்ந்து, அக்குலத்துக்கு அப்பால் இருந்தவனுக்காகப் பேசிய மனிதர் அவர்.

இத்தகையவருக்குக் காஷின் மண்டபத்தில் டால்ஸ்டாய் இடம் தரவில்லை. அம்மண்டபத்தில் குடியானவனும் இல்லை. வெளியே நின்றவனின் குரல் உள்ளே ஒலிக்கக்கூடும் என்ற வாய்ப்பையே அவர் மறைத்துவிட்டார். 1861இல் விடுதலை பெற்ற குடியானவர்க்கும் நிலவுடைமையாளர்க்கும் இடையே நடுவராகப் பணியாற்றி, குடியானவர் பக்கம் சாய்ந்தார் என்று பிரபுக்களின் வெறுப்பைச் சம்பாதித்தவர் டால்ஸ்டாய். அவ்வனுபவம் உடையவர் இதனை மறந்தது வியப்பே.

எனினும் வரலாறு டால்ஸ்டாயை முற்றிலும் பொய்யாக்கவில்லை. உன்கோவ்ஸ்கியைத் தூக்கியெறிய ஓர் ஆணை போதுமாயிருந்தது. ஸ்நெத்கோவ்கள் ஆண்டாண்டாக நிலைத்திருந்தனர். 1917இல் குலப்பிரிவுகள் ஒழிக்கப்பட்டபோது இப்பதவியும் உடன் மறைந்தது. எவருக்காக அவர்கள் பள்ளிக் குழுக்களிலும் மன்றங்களிலும் தலைமை தாங்கினார்களோ, அம்மக்கள் அதனைக் காக்க முன்வரவில்லை. தம்மைத் தேர்ந்தவருக்கு மட்டுமே பொறுப்பாளியாயிருந்த தலைமைக்கு நேர்ந்த முடிவு அது. தலைவர் நல்லவராயிருத்தல் போதாது. யாருக்காக அமர்ந்திருக்கிறோம் என்பதை அவர் அறிந்திருக்கவும் வேண்டும். காஷின் அத்தியாயங்களைப் புரட்டிவிடாமல் படிப்போர்க்கு அவ்வுண்மை கிட்டும். உன்கோவ்ஸ்கியின் வரலாற்றையும் உடன்வைத்துப் படிப்போர்க்கு அது முழுமையாகக் கிட்டும்.