குட்டியானையின் கவசம்

வெம்பாக்கம் பக்கத்துக் கல்குவாரிப் பாதையில் குட்டியானை வந்தால் நின்று பார்ப்பேன். 2005-இல் வந்த டாடா ஏஸுக்கு நம் ஜனங்கள் வைத்த செல்லப்பெயர் அது. ஒன்றரை ஜல்லி, அதாவது 40 மில்லிமீட்டர் கல், கொட்டக் கொட்டத் தொட்டியின் மெல்லிய தகரம் குழியும். பெயிண்ட் உரிந்த இடத்தில் துரு ஏறும். அதற்குத்தான் பட்டறையில் செக்கர் தகடு அடித்து, அதன்மேல் பழைய கன்வேயர் பெல்ட்டை வெட்டி விரிப்பது. ரப்பர் அடியை விழுங்கிக்கொள்ளும். தகடு மிச்சத்தைத் தாங்கும். என்ன அழகான யோசனை! சக்கரம் வாரியடிக்கும் கல்லுக்கு, அதன் பின்னால் தொங்கும் ரப்பர் மட்ஃபிளாப் போதும். ஆனால் முக்கால் டன் ஏற்றும் வண்டியில் கவசத்தின் எடையும் சுமைதான். நல்ல டிங்கர் தகட்டின் கனத்தை விரலால் தடவிப் பார்த்தே வெட்டுவார்.