நூற்கண்டோடு ஒரு வகுப்பு

கிரேக்கப் புராணம் நடத்தும் பருவம் வந்துவிட்டால் எனக்குக் கால் தரையில் பாவாது. இங்கிலாந்தின் தேசியப் பாடத்திட்டத்தில் 7 முதல் 11 வயதுப் பிள்ளைகளுக்கான வரலாற்றில் பண்டைய கிரேக்கம் உண்டு. பலகையில் தெய்வங்களின் பெயர்களை வரிசையாக எழுதி, படம் ஒட்டச் சொல்லியும் முடித்துவிடலாம். லண்டன் ஆரம்பப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கும் எனக்கு அதற்கு மனசே வராது. கதையைச் சொன்ன சூட்டோடு கையில் ஒரு வேலையைக் கொடுத்துவிட வேண்டும். அப்புறம் பாருங்கள், பிள்ளைகள் என்னமாய்ப் பேசுகிறார்கள் என்று!

உதாரணத்துக்கு, ஏதென்ஸ் இளவரசன் தீசியஸின் கதை. கிரீட் மன்னன் மினோஸுக்கு ஏதென்ஸ் கட்டிய கப்பம், ஏழு பையன்களும் ஏழு பெண்களும். வாயால் சொன்னால் அது வெறும் எண்ணிக்கை. நான் சீட்டுக் குலுக்கினேன். பெயர் வந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து சுவரோரம் போய் நின்றார்கள். கடைசிச் சீட்டைப் பிரிக்கும்போது வகுப்பில் மூச்சுச் சத்தம்கூட இல்லை.

அடுத்தது, காளைத்தலை அரக்கன் மினோட்டாரை அடைத்துவைத்த லாபிரிந்த் என்ற சுற்றுப்பாதை. அதை வரைவது இவ்வளவு சுலபமா என்று அசந்துபோவீர்கள். முதலில் ஒரு கூட்டல் குறி. அதன் நான்கு கட்டங்களிலும் ‘ட’ மாதிரி ஒவ்வொரு மூலைக்கோடு, மூலை மையத்தைப் பார்க்க வேண்டும். வெளி மூலைகளில் நான்கு புள்ளிகள். கூட்டல் குறியின் உச்சியை வலப்பக்கத்து நுனியோடு வளைத்துச் சேர்த்து, அதற்கு வெளியே அடுத்தடுத்த நுனிகளையும் இப்படியே சேர்த்துக்கொண்டு போனால் எட்டாவது வளைவில் ஏழு சுற்றும் தயார். கிரீட்டின் நாசஸ் நகரத்துப் பழங்காசுகளில் இருப்பதும் இதே அமைப்புதான். கிரேக்கத்தின் பைலோஸில் கிடைத்த ஒரு களிமண் பலகையின் பின்புறத்தில் சுமார் 3,200 ஆண்டுகளுக்கு முன் யாரோ கீறி வைத்ததும் இதுவே. நம் தருமபுரிப் பக்கத்திலும் கல் அடுக்கிய ஏழு சுற்றுக் கோட்டை உண்டு என்று சொன்னதும் பிள்ளைகளின் கண்கள் விரிந்துவிட்டன.

விளையாட்டுத் திடலில் அதைச் சாக்பீஸால் பெரிதாகப் போட்டு, மினோஸின் மகள் அரியாட்னி தீசியஸுக்கு நூல் கொடுத்த மாதிரி, பிள்ளைகளைச் சிவப்புக் கம்பளி நூலோடு உள்ளே அனுப்பினேன். நடுவரை போய்த் திரும்பிய ஒரு சிறுமி கேட்டாள்: “மிஸ், இதில் ஒரே பாதைதானே இருக்கிறது? தொலையவே முடியாதே. அப்புறம் அரியாட்னி எதற்கு நூல் கொடுத்தாள்?”

அடடா, அறிஞர்கள் மல்லுக்கட்டுகிற கேள்வி அது! உள்ளே இருட்டாக இருந்திருக்கும் என்றான் ஒருவன். “இல்லை, நூல் ஆடினால்தான் அவன் உயிரோடு இருப்பது வெளியே நிற்கிறவளுக்குத் தெரியும்” என்றான் இன்னொருவன். இந்தப் பதிலை நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை.

பானை ஓவியம் இன்னொரு கொண்டாட்டம். ஏதென்ஸ் குயவர்கள் நைசான களிமண் குழம்பால் உருவம் தீட்டி, கூர்முனையால் நுணுக்கக் கோடுகளைக் கீறுவார்கள். சூளை அந்த உருவத்தைக் கறுப்பாக்கிவிடும். எங்களுக்குச் சூளை ஏது? தாளில் ஆரஞ்சு கிரேயானை அழுத்தித் தேய்த்து, கறுப்பு பெயின்டில் ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் கலந்து உருவத்தைத் தீட்டி, காய்ந்ததும் பல்குச்சியால் கீறினோம். பிறகு பிரிட்டிஷ் மியூசியம். அங்கே ஏதென்ஸ் குயவர் எக்சீகியாஸ் கி.மு. 530 வாக்கில் செய்த ஜாடியில் வீரன் அக்கிலீஸ் அமேசான் அரசி பென்தெசிலியாவைக் கொல்கிறான். வகுப்பில் எதற்கும் அசையாத ஒரு பையன் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றான். “கீறினால் அழிக்க முடியாது, இல்லையா மிஸ்? இவர் எப்படித் தைரியமாகக் கீறினார்?” தானும் கீறிப் பார்த்தவனுக்குத்தான் இப்படிக் கேட்கத் தோன்றும்.

எல்லாவற்றுக்கும் சிகரம் நீதிமன்றம். குற்றவாளிக் கூண்டில் தீசியஸ். உதவிய அரியாட்னியை நாக்சோஸ் தீவில் விட்டுவிட்டு வந்ததுதான் வழக்கு. தெய்வம் கட்டளையிட்டது என்று வக்கீல் வாதாடிப் பார்த்தாள், எடுபடவில்லை. குற்றவாளி என்று தீர்ப்பானது. என்ன தண்டனை என்பதில் மட்டும் ஒரே சண்டை. கப்பலின் கறுப்புப் பாயை அவன் மாற்ற மறந்ததால், மகன் இறந்துவிட்டான் என்று நினைத்து அப்பா ஏஜியஸ் கடலில் விழுந்து செத்தாரே, அதற்கு மேலும் தண்டிக்க வேண்டுமா என்று நடுவர்கள் பாதிப் பேர் பிடிவாதமாக நின்றார்கள். வழக்கு அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போயிருக்கிறது. அதற்குள் நான் மாதுளம்பழம் வாங்கி வைக்க வேண்டும், அடுத்த கதையில் மாதுளை விதை தின்ற பெர்செஃபனி வருகிறாள்.