கேள்வி ஞானத்துக்குக் கதவு திறக்குமா?

அமெரிக்காவில் இசை சிகிச்சைப் பட்டம் படிக்க ஆசைப்படுபவருக்கு முதல் தடை உடற்கூறியலோ உளவியலோ அல்ல. பாடியோ வாசித்தோ காட்ட வேண்டிய நுழைவுத் தேர்வுதான். 1944இல் மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய இந்தப் படிப்பு, இன்றும் பெரும்பாலும் இசைக் கல்லூரிகளுக்குள்தான் நடக்கிறது. அமெரிக்க இசை சிகிச்சைச் சங்கத்தின் இளங்கலைப் பாடத்திட்டத்தில் சுமார் 45 விழுக்காடு இசைப் பாடங்கள். “நான் கச்சேரியா செய்யப்போகிறேன்? நோயாளிக்கு உதவத்தானே வருகிறேன்!” என்று இசை பயிலாதவர் கேட்பது இயல்பு.

சிகிச்சை அறையை நினைத்துப் பார்த்தால் அந்தக் கேள்விக்கு விடை கிடைக்கும். பயத்தில் மூச்சு இரைக்கும் குழந்தை. சிகிச்சையாளர் முதலில் அந்த மூச்சின் வேகத்துக்கே கிதார் வாசிக்கிறார். குழந்தை அதோடு இணைந்த பிறகு, மெல்ல மெல்லத் தாளத்தைத் தணிக்கிறார். மனநல மருத்துவர் ஐரா ஆல்ட்ஷுலர் 1940களில் வகுத்த ‘ஐசோ’ கோட்பாடு இதற்கு அடிப்படை. அந்த நேரத்தில் கண் குழந்தையின் முகத்தை விட்டு அகலக் கூடாது. அடுத்த விரலை எங்கே வைப்பது என்று தேடுகிறவரால் அந்த முகத்தைப் பார்க்க முடியாது. பதிவு செய்த பாட்டும் உதவாது. அது யாருக்காகவும் நின்று காத்திருக்காது.

ஆகவே இசைத் திறன் வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. அதை அளக்கும் முறையில்தான் கோளாறு. பல கல்லூரிகள் கேட்பது பயிற்சி செய்து மெருகேற்றிய செவ்வியல் உருப்படிகளை. தனி ஆசிரியருக்குப் பணம் கட்ட முடிந்த வீட்டுப் பிள்ளைக்கு அது எளிது. கறுப்பினத் தேவாலயத்தில் காதால் கேட்டே பியானோ பழகியவர், பாடுபவர் எந்தச் சுருதியில் எடுத்தாலும் கூடவே போவார். நாம் கேள்வி ஞானம் என்று மதிக்கும் அந்தத் திறமைதான் மருத்துவமனைக்குத் தேவை. ஆனால் இசைக்குறிப்பைப் பார்த்து வாசிக்கத் தெரியாததால் அவர் வாசலிலேயே நின்றுவிடக்கூடும்.

இசை சிகிச்சை முன்னோடிகளில் ஒருவரான கிளைவ் ராபின்ஸே இசைக்கலைஞராக அல்ல, சிறப்புக் கல்வி ஆசிரியராக இருந்தவர்தானே என்று சிலர் வாதிடலாம். உண்மைதான். ஆனால் 1959இல் இங்கிலாந்தின் சன்ஃபீல்ட் குழந்தைகள் இல்லத்தில் அவர் குழந்தையோடு இருந்தபோது, பியானோவில் பால் நார்டாஃப் என்ற தேர்ந்த இசையமைப்பாளர் இருந்தார். தனியாகப் பணிபுரியும் சிகிச்சையாளருக்கு அந்தத் துணை ஏது?

நுழைவுத் தேர்வில் தெரியாத மெட்டு ஒன்றை முணுமுணுத்துக் காட்டி, கூடவே வாசிக்கச் சொல்லலாம். நடுவில் சுருதியை மாற்றலாம், வேகத்தைக் குறைக்கலாம். குறிப்பு வாசிக்கத் தெரியாதவருக்கு ஓராண்டு முன்பயிற்சி தரலாம். பட்டத்தோடு கட்டாயமான 1200 மணி நேர மருத்துவப் பயிற்சிக்குள் கால் வைக்கும் முன்பே விரல் பழகியிருக்க வேண்டும். அங்கே படுத்திருப்பவர் நோயாளி. அவர்மேல் நாம் சாதகம் செய்து பார்க்க முடியாது.