ஊர்ப்பெயரும் ஆண்டுக் கணக்கும்

செஞ்சிக்கு அப்பெயர் ஏன் வந்தது? செஞ்சியம்மனால் வந்தது என்பர் சிலர். மலையைக் குறிக்கும் 'சிருங்கி' என்னும் வடசொல்லின் திரிபு என்பர் வேறு சிலர். எது சரி?

இத்தகைய வினாக்களுக்குத் தமிழில் வழிகாட்டிய நூல், ரா. பி. சேதுப்பிள்ளையின் 'ஊரும் பேரும்' (1946). நிலம், அரசர், கோயில் எனப் பெயர்களை வகைப்படுத்தி, இலக்கியமும் கல்வெட்டும் காட்டி இனிய நடையில் விளக்குகிறது. ஆயினும் ஒரு பெயர் எந்த நூற்றாண்டில் எவ்வடிவில் வழங்கியது என்ற கால வரிசையை அது எல்லாப் பெயர்களுக்கும் தரவில்லை. ஒரே அளவீட்டைக் கொண்டு விதி கூற இயலுமா?

செஞ்சியையே பாருங்கள். 1649-இல் கோட்டையைப் பிடித்த பீஜப்பூர்ச் சுல்தான்கள் ஆட்சியில் அது 'பாதுஷாபாத்' ஆயிற்று. 1698-இல் வென்ற மொகலாயர் 'நுஸ்ரத்கட்' என்றனர். ஆண்டு அறியாதவர் இவற்றை மூன்று ஊர்கள் என்றே எண்ணுவர். ஆண்டவர் இட்ட பெயர்கள் மறைந்தன. மக்கள் வழங்கிய பெயர் நிலைத்தது. அதன் மிகப் பழைய வடிவில் 'சிருங்கி'யின் சாயல் இல்லையேல், அவ்விளக்கம் வெறும் ஒலி ஒற்றுமையே.

கி. நாச்சிமுத்துவின் 'தமிழ் இடப்பெயராய்வு' (1983) இத்துறையை மொழியியல் நெறியில் அணுகுகிறது. மாணவர்கள் சேதுப்பிள்ளையிடம் ஆர்வத்தையும், இந்நூலில் முறையையும் பெறலாம். முதலில் ஆண்டைக் குறியுங்கள், பொருள் பிறகு.