லினக்ஸும் நச்சுநிரலும்: பள்ளி மடிக்கணினியை முன்வைத்து

லினக்ஸ் இயங்குதளத்தைக் கணினி வைரஸ் தாக்காது என்ற கூற்று தமிழ்க் கணினிக் கட்டுரைகளில் அடிக்கடி இடம்பெறுகிறது. இது பாதி உண்மை. அதைச் சோதித்துப் பார்க்கும் வாய்ப்பு தமிழ்நாட்டுக்குக் கிடைத்தது. 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் தொடக்க ஆண்டுகளில், விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் நிறுவப்பட்டிருந்தது. டெபியனை அடிப்படையாகக் கொண்டு சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கிய இயங்குதளம் அது.

தேனியிலோ கம்பத்திலோ ஒரு மாணவர் பென் டிரைவை ஜெராக்ஸ் கடையில் செருகி எடுத்து வந்தால், கோப்புறைகள் மறைந்து குறுக்குவழிகள் மட்டும் தெரிவது அக்காலத்தில் வழக்கமான தொல்லை. அந்தக் குறுக்குவழியைச் சொடுக்கினால் விண்டோஸில் வைரஸ் இயங்கும். அதே பென் டிரைவை பாஸில் திறந்தால் ஒன்றும் ஆகாது. விண்டோஸுக்கென எழுதிய நிரலை லினக்ஸ் இயக்குவதில்லை. லினக்ஸுக்கென எழுதிய நிரலும், பதிவிறக்கியவுடன் தானாக ஓடாது. இயக்க அனுமதி தரவேண்டும். மேலும், சாதாரணப் பயனர் அமைப்புக் கோப்புகளை மாற்ற முடியாது. அதற்கு ரூட் கடவுச்சொல் தேவை. மென்பொருள்களும் பெரும்பாலும் மின்கையொப்பமிட்ட களஞ்சியங்களிலிருந்தே வருகின்றன. பாதுகாப்பின் உண்மையான காரணங்கள் இவை. மேசைக் கணினிகளில் லினக்ஸ் குறைவு என்பதால் வைரஸ் எழுதுவோர் அதைப் பொருட்படுத்தவில்லை என்பதும் ஒரு காரணம். ஆர்வலர்கள் இதை ஒப்புக்கொள்ளத் தயங்குகின்றனர்.

விடுபடும் மறுபாதியே முக்கியமானது. மாணவரின் பாடக்குறிப்புகளும் படங்களும் அவருடைய சொந்தக் கோப்புறையில் உள்ளன. அவற்றை அழிக்க ரூட் அனுமதி வேண்டியதில்லை. லினக்ஸுக்கான ஸ்டாவோக் வைரஸ் 1996-லும் பிளிஸ் 1997-லும் வெளிவந்துவிட்டன. 2016-இல் மிராய், தொழிற்சாலைக் கடவுச்சொல்லை மாற்றாத கேமராக்களையும் ரவுட்டர்களையும் பிடித்தது. அவற்றில் ஓடியது லினக்ஸ்தான். 2024 மார்ச்சில் எக்ஸ்-இசட் கருவியில் ஒளித்துவைத்த பின்கதவை ஆண்ட்ரெஸ் ஃபிராயிண்ட் கண்டுபிடித்தார். நம்பகமான களஞ்சியத்தின் வாசலுக்கே நஞ்சு வந்துவிட்ட நிகழ்வு அது. இன்னொன்று: வைரஸ் உள்ள பென் டிரைவை லினக்ஸ் பாதிப்பின்றித் திறக்கும், அடுத்த விண்டோஸ் கணினிக்கு அப்படியே கொண்டுபோகவும் உதவும்.

பாஸ் பரவாமல் போனதற்குத் தொழில்நுட்பக் குறை மட்டும் காரணமன்று. வானவில் போன்ற பழைய எழுத்துருக்களும் அவற்றுக்கான தட்டச்சு மென்பொருள்களும் விண்டோஸைச் சார்ந்திருந்தன. பழுது பார்க்கும் கடைக்காரருக்குத் தெரிந்ததும் விண்டோஸ்தான். கணினி தொடங்கும்போது வரும் இரண்டு தெரிவுகளில் பாஸ் எதற்கு என்று மாணவருக்குச் சொல்ல ஆள் வேண்டியிருந்தது. பதினொன்றாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூலில் உபுண்டு 2018-இல்தான் இடம்பெற்றது. கருவி 2011-இல் கைக்கு வந்தது. பாடம் ஏழு ஆண்டுகள் கழித்து வந்தது.